இரண்டு பேருடைய கால்கள்

நான் இணையத்தில் படம் பார்க்கிறவன். சினிமாப் படம் அல்ல, புள்ளிவிவரப் படம். இந்த நிமிடம் எந்தக் கடலில் எத்தனை கப்பல் நகர்கிறது, அரபிக்கடலின் மேல் காற்று எப்படிச் சுழல்கிறது, எந்த நாட்டுக்காரன் எவ்வளவு நேரம் தூங்குகிறான் என்றெல்லாம் வட்டமும் கம்பமும் வண்ணமுமாகப் போட்டிருப்பார்கள். மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு சுக்குக் கிடங்கில் ஏற்றுமதிக் காகிதம் எழுதுகிறவன் நான். உலகம் அப்படி ஒழுங்காக அடங்கிக் கிடப்பதில் எனக்கு ஒரு போதை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

"இந்த நீலம் பச்சை எல்லாம் பாத்தா சாயா தானா வந்துருமா?" என்பாள். ஆனாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள்.

போன வருடம் மழை விட்டதும் அவளுக்கு ஒரு கைப்பட்டை வாங்கிக் கட்டினேன். நடக்கிற அடிகளை எண்ணும். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் போனுக்கு அனுப்பிவிடும். நாளுக்கு ஒரு பச்சைக் கம்பம். சில வாரம் கம்பங்கள் சுமாராக நின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் குட்டையாயின. எனக்கு ஆத்திரம் வந்தது. அவளைப் பற்றிய கவலை இல்லை அது, நல்ல படம் ஒன்று கெடுகிறதே என்ற ஆத்திரம்.

"எனக்கு வய்யாங்க, முடியல. மார்க்கெட்டு போய் எத்துறதுக்குள்ள மூச்சு முட்டுது."

"உனக்குச் சோம்பல். கிராஃப் பொய் சொல்லாது."

அடுத்த வாரம் கம்பங்கள் எழுந்தன. எழுந்தனவா, ஆளுயரத்துக்கு நின்றன! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே படமாக வரைந்தேன். 'என் மனைவி மீண்டும் நடக்கிறாள்' என்று தலைப்புப் போட்டு, இப்படிப் படம் வரைகிறவர்களின் குழு ஒன்றில் ஏற்றினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். முகம் தெரியாத ஒருவர் மட்டும், "முதல் பாதியும் இரண்டாம் பாதியும் இரண்டு பேருடைய கால்கள் போல இருக்கின்றன" என்று எழுதினார். "அதற்குப் பெயர்தான் முயற்சி" என்று பதில் போட்டுவிட்டு அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

நான்கு மாதம் கழித்து அடுக்களையில் விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், நடக்கும்போது மூச்சு வாங்குவது எப்போது தொடங்கியது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு போனை நீட்டினேன். "இல்லை டாக்டர், நன்றாக நடப்பாள். பாருங்கள்." அவர் படத்தைப் பார்த்தார். பிறகு வீங்கிக் கிடந்த அவள் பாதங்களைப் பார்த்தார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சி கொண்டு வந்தாள். மட்டாஞ்சேரியிலிருந்து சுள்ளிக்கல் வரை தினமும் நடந்து லாட்டரிச் சீட்டு விற்பவள். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சேட்டா, அந்த வாச்சை நானாக்கும் கெட்டிட்டு நடந்தது. காலைல வாங்கிட்டுப் போவேன், நீங்க வரதுக்கு முன்ன திருப்பித் தருவேன். சேச்சிதான் சொல்லுச்சு, அவரு அந்தப் படத்தைப் பாத்து சந்தோஷப்படட்டும்னு."

எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனைவிக்கு இதய வால்வு கெட்டுப்போயிருக்கிறது, ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் ஆபரேஷன் செய்திருக்கலாம் என்றார் டாக்டர். குட்டைக் கம்பங்கள் தொடங்கிய மாதம் அது. என் போன் அதைத் தேதி போட்டு வைத்திருந்தது. ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

குழுவிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். இரண்டு பேருடைய கால்கள் என்று எழுதிய அந்த மனிதருக்கு மட்டும், நீங்கள் சொன்னது சரி என்று எழுதினேன்.

போனில் இருப்பதை அழிக்கவில்லை. உயரமான கம்பங்களை நான் பார்ப்பதில்லை. அவை லாட்டரி விற்ற நடை. இடதுபக்கம் இருக்கும் குட்டைகள்தான் அவளுடையவை. அவற்றிலும் ஆகக் குட்டையானது, நான் சோம்பல் என்று சொன்ன நாளுடையது. அதைத் தொட்டால் மணிவாரியாக விரியும். காலையிலிருந்து ஒன்றுமே இல்லை, அவள் படுத்தே கிடந்திருக்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் சின்னதாக ஒரு கோடு. அப்போதுதான் நான் கதவைத் தட்டினேன். எழுந்து வந்து திறந்தாள். அடுக்களைக்குப் போய் எனக்குச் சாயா போட்டாள்.