எல்லைக்கு இந்தப் பக்கத்து பிரிட்டோ

மரக்காணத்து உப்பளங்களில் பிரிட்டோ என்றால் குட்டியானை லோடு வண்டிக்காரன் பிரிட்டோதான். முப்பத்து நான்கு வயது. அளத்து முதலாளி சிலம்பரசனிடம் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் தெற்கே போவான். கருவாட்டு வியாபாரிகளுக்கு இறக்கிவிட்டுத் திரும்புவான். அதிகம் பேசமாட்டான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்கா மெர்லினும் அவனும்தான் வீடு. மெர்லின் பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். மூன்று வருஷமாக இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் எல்லைக்கு அந்தப் பக்கம், யூனியன் பிரதேசத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அந்த இரண்டு நாளும் தம்பியின் வண்டியில், முன் சீட்டில், மடியில் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து போவாள்.

எல்லை என்று அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு செக்போஸ்ட், ஒரு வரவேற்பு வளைவு, தாண்டியதும் வரிசையாக ஒயின் ஷாப். பதினைந்து வருஷமாகப் போய் வருகிறவனுக்கு அது ஒரு எல்லை என்ற நினைப்பே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை செக்போஸ்ட்டில் கான்ஸ்டபிள் கையை நீட்டி வண்டியை நிறுத்தினார்.

"பேரு?"

"பிரிட்டோங்க."

"அப்பா பேரு?"

"அந்தோணிராஜ்."

கான்ஸ்டபிள் கையிலிருந்த போனைப் பார்த்தார், இவன் முகத்தைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "இறங்கு. உனக்குத் தடை உத்தரவு இருக்குது. ஆறு மாசம் இந்தப் பிரதேசத்துக்குள்ள நீ கால் வெக்கக் கூடாது."

"சார், ஆள் மாறிப்போச்சு சார்."

"எங்க மாறிச்சு? இது உன் மூஞ்சிதானே?"

போனில் இருந்தது அவன் முகம்தான். பத்தொன்பது வயது முகம். அந்தப் பக்கத்தில் மாமா வீட்டில் தங்கி மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது தேர்த் திருவிழாவில் ஒரு கைகலப்பு. கூட்டத்தில் நின்றவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் சுவரில் சாய்த்து எடுத்த படம் அது. கேஸ் இரண்டு வருஷம் நடந்து விடுதலையும் ஆகிவிட்டது.

மெர்லின் இறங்கினாள். தலையணையை எடுத்துக்கொண்டாள். "நீ திரும்பிப் போ. நான் ஷேர் ஆட்டோல போயிக்கிறேன்" என்றாள். வளைவுக்கு அடியில் அவள் மெதுவாக நடந்து போவதை அவன் நின்று பார்த்தான். வளைவு வரைக்கும் போய்க் கைகொடுக்க முடியவில்லை. கான்ஸ்டபிள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உத்தரவின் நகலைத் திண்டிவனம் வக்கீல் அம்சவல்லி வாங்கிக்கொடுத்தாள். அதில் நான்கு கேஸ் போட்டிருந்தது. முதலாவது அந்தத் திருவிழா கைகலப்பு. மற்ற மூன்றும் அவன் கேள்விப்படாதவை: ஒரு கொலை முயற்சி, ஒரு ஆள்கடத்தல், நாட்டு வெடிகுண்டு வைத்திருந்தது. அந்தப் பக்கத்தில் இன்னொரு பிரிட்டோ இருந்தான். அவன் அப்பா பெயர் அந்தோணி. யாரோ இரண்டு ஃபைலை ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். விளக்கம் கேட்டு அனுப்பிய நோட்டீஸ் மாமாவின் பழைய வீட்டுக்குப் போயிருந்தது. அந்த வீட்டை இடித்து ஏழு வருஷம் ஆகிறது. இடிந்த சுவரில் ஒட்டிவிட்டு, அவனை 'எதிரி' என்று குறித்து, 'எதிரி ஆஜராகவில்லை, சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை' என்று எழுதி முடித்துவிட்டார்கள். கடைசியில் மட்டும் 'தற்போதைய இருப்பிடம்: மரக்காணம் உப்பளம்' என்று சரியாகப் போட்டிருந்தது.

"உங்களைக் கேக்காமலே உத்தரவு போட்டது தப்பு. ஒருத்தன் சொல்றதைக் கேக்காம அவன் நடமாட்டத்தைத் தடுக்க முடியாது. அரசியல் சட்டத்துல இருக்குது" என்றாள் அம்சவல்லி.

"அப்போ நாளைக்கே போகலாங்களா?"

"போகக் கூடாது. தப்பான உத்தரவா இருந்தாலும், ரத்து ஆகுற வரைக்கும் அது உத்தரவுதான். மொதல்ல அப்பீல் போடணும். அந்தப் பிரதேசத்து அரசாங்கத்துக்கிட்ட."

அப்பீல் போட்டார்கள். அந்தப் பிரதேசத்துக்குத் தனிச் சட்டசபை உண்டு, மந்திரிகள் உண்டு. அவர்களுக்கு மேலே டெல்லி அனுப்பிய நிர்வாகியும் உண்டு. 'அரசாங்கம்' என்று சட்டத்தில் எழுதியிருப்பது மந்திரியையா நிர்வாகியையா என்று ஒரு கேள்வி எழுந்தது. ஃபைல் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. ஏழு வாரம் போனது. அம்சவல்லி காத்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஹைகோர்ட்தான் என்பதால் சென்னையில் ரிட் மனு போட்டாள்.

அதற்குள் வேறொன்று நடந்திருந்தது. தடை போடப்பட்டவர்களின் பட்டியல் படத்தோடும் இருப்பிடத்தோடும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. பாத்தியில் வேலை செய்கிற பெண்கள் அவன் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். மாதா கோயிலில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் மூன்று பேருக்கு இடம் காலியாகவே இருந்தது. சிலம்பரசன், "ஏம்பா, கொஞ்ச நாளைக்கு வண்டிய ஆதிமூலம் ஓட்டட்டும், நீ இங்கயே லோடு பாத்துக்க" என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஆதிமூலம் மூட்டை ஏற்றுகிறவன். லைசென்ஸ் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மெர்லினையும் அவனே ஏற்றிக்கொண்டு போனான். "அக்காவ நான் பாத்துக்கிறேன், நீ கவலப்படாத" என்பான்.

ஒரு புதன்கிழமை பகலில் பைக்கில் இரண்டு பேர் உப்பளத்துக்கு வந்தார்கள். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. அவர்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "பிரிட்டோ யாரு?" என்று வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கேட்டார்கள். எல்லாரும் குனிந்து உப்பு வாரினார்கள். ஒருவன் அங்கே நின்ற குட்டியானையைச் சுற்றி வந்தான், நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தான். போய்விட்டார்கள். ஷெட்டுக்குள் இருந்து பிரிட்டோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இன்னொரு பிரிட்டோவால் வெட்டுப்பட்டவர்களுக்கும் ஆட்கள் இருப்பார்கள், அவர்களும் பட்டியலைப் படித்திருப்பார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அன்றே மரக்காணம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். ரைட்டர் பொறுமையாகத்தான் கேட்டார். "உத்தரவு எங்களோடது இல்லப்பா. லிஸ்ட்டும் எங்களோடது இல்ல. அந்தப் பக்கம் போயி புகார் குடு."

"அந்தப் பக்கம் நான் போகக் கூடாதுங்க."

ரைட்டர் பேனாவை மூடினார். "எழுதிக் குடுத்துட்டுப் போ. பாப்போம்."

ஆதிமூலத்திடமும் மெர்லினிடமும் சொன்னான். வண்டியை எடுக்க வேண்டாம் என்றான். "வெள்ளிக்கிழம விட்டா அக்கா மூச்சு வாங்குவாங்க. பஸ்ல நிக்க முடியுமா? என்னை யாரு என்ன பண்ணப்போறான்?" என்றான் ஆதிமூலம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கூனிமேடு தாண்டி, பைக் ஒன்று வண்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் "டேய் பிரிட்டோ!" என்றான். தெரிந்தவர்கள் யாரோ பிரிட்டோவைத் தேடுகிறார்கள் என்று நினைத்து ஆதிமூலம் வேகத்தைக் குறைத்து, ஜன்னலில் கையை வைத்து, "என்னப்பா?" என்றான். அது போதுமாயிருந்தது. இரண்டு வெட்டு. பைக் போய்விட்டது. மெர்லின் தலையணையை அவன் கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்துக் கத்தினாள். பங்குப் பள்ளியில் இருபது வருஷம் குரலை உயர்த்தாமல் பாடம் நடத்தியவள்.

உயிர் பிழைத்தது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மற்ற மூன்றும் மடங்கவில்லை. திண்டிவனம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆதிமூலத்தின் மனைவி சின்னப்பாப்பாவின் முன்னால் பிரிட்டோ நின்றான். அவள் திட்டவில்லை. "அந்தக் கை இல்லாம எப்படி மூட்ட தூக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அவன் ஊருக்குத் திரும்பி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது. இரண்டே பக்கம். விசாரிக்காமல் போட்ட உத்தரவு செல்லாது. வேண்டுமானால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துப் புதிதாக விசாரித்துக்கொள்ளலாம். அம்சவல்லி போனில் சிரித்தாள். பிரிட்டோவால் சிரிக்க முடியவில்லை.

புது நோட்டீஸ் மாதக் கடைசியில் வந்தது. இந்த முறை விலாசம் சரியாக இருந்தது. கேஸ் நான்கு இல்லை, ஐந்து. ஐந்தாவது: 'எதிரியின் வாகனத்தை வழிமறித்து எதிர்க் கோஷ்டியினர் தாக்குதல். இதிலிருந்து எதிரிக்கு ரவுடிக் கும்பல்களுடன் உள்ள பகை தெரியவருகிறது.' ஆதிமூலம் பட்ட வெட்டு பிரிட்டோவின் கணக்கில் ஏறியிருந்தது. அம்சவல்லி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

விசாரணைக்கு ஆதிமூலம் தானாகவே வந்தான். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அதிகாரி நல்ல மனுஷன்தான், களைத்துப்போயிருந்தார். உட்காரச் சொன்னார். ஆதிமூலம் உட்காரவில்லை.

"ஐயா, என்னை வெட்டினவனுக்கு என்னைத் தெரியாது, பிரிட்டோவையும் தெரியாது. உங்க காயிதத்தத்தான் தெரியும். அதுல பாத்துட்டுதான் வந்தான்."

அறையில் இருந்த கிளார்க் எழுதுவதை நிறுத்தினார். "அத எழுதுங்க" என்றார் அதிகாரி. அந்த மூன்று கேஸில் எடுத்த கைரேகையோடு பிரிட்டோவின் கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அம்சவல்லி கேட்டாள். ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. மூன்று வாரத்தில் ஒரு வரி வந்தது: 'மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது.' ஏன் என்று இல்லை. ஆதிமூலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெட்டியவர்களும் அகப்படவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். மரியாதையான குரல்.

"அண்ணே, நானும் பிரிட்டோதான். என்னால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவாயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். அந்த வண்டிக்காரரை வெட்டின ரெண்டு பேரும் யாருன்னு தெரிஞ்சுடுச்சு. நீங்க எதுவும் செய்ய வேணாம். இனிமே உங்களை ஒருத்தனும் தொட மாட்டான். நான் பாத்துக்கிறேன்."

"வேணாங்க" என்றான் பிரிட்டோ. "எனக்காக எதுவும் செய்யாதீங்க. தயவுசெஞ்சு."

"பேரு ஒண்ணா போயிடுச்சே அண்ணே" என்றது குரல். போன் வைக்கப்பட்டது.

ஜனங்கள் அவனைத் தாண்டி வெயிலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் இரண்டொருவர் அவனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவன் அம்சவல்லியைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"எவ்வளவு நேரம் பேசினான்?"

"ஒரு நிமிஷம் இருக்குங்க."

"நம்பரை அழிச்சுடாதீங்க. நாளைக்கு அந்த ரெண்டு பேருக்கு ஏதாவது ஆச்சுன்னா, அதுக்கு முன்னாடி அவன் பேசினது உங்ககிட்டன்னு வந்து நிக்கும். ஒடனே கெளம்பி வாங்க. போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாம்."

"எந்தப் பக்கத்து போலீஸுலங்க?"

"ரெண்டு பக்கமும்" என்றாள்.

மெர்லினை வீட்டில் விட்டுவிட்டு அவன் திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றான். பஸ் வருவதற்குள் போன் இன்னும் இரண்டு முறை அடித்தது. அதே நம்பர். அவன் எடுக்கவில்லை.