வழிகாட்ட ஒரு நாய்

என் வீட்டுக்காரருக்குக் கண் பார்வை போனது எழுபதுகளின் கடைசியில். பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவர், பாடமெல்லாம் மனப்பாடம். வேலை நீடிக்க நிர்வாகி ஒரே நிபந்தனை வைத்தார்: ஜூனில் பள்ளி திறக்கும்போது தானாக வந்து போக வேண்டும். "வாத்தியாரைப் பொண்டாட்டி கையப் புடிச்சிக் கூட்டினு வந்தா பசங்க மதிப்பாங்களா?" என்றார். அந்த ஆளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

ஆசிரமப் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்கார அம்மாதான், தங்கள் ஊரில் கண் தெரியாதவர்களை நாய் கூட்டிப்போகும் என்று சொன்னார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நாய் என்றால் ஜாதி நாயாக இருக்க வேண்டும் என்பது என் வீம்பு. அல்சேஷன் இந்த வெயிலைத் தாங்காது என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர்.

"ராஜபாளையம்?"

"அது காவல் நாய்மா. யோசிச்சு வாங்குங்க."

நான் எங்கே யோசித்தேன்? பால் வெள்ளையாக ஒன்றை வாங்கி வந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஊரில் கண் தெரியாதவரைப் பார்த்தால் யாரும் சும்மா போக மாட்டார்கள். கேட்காமலே கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டுத்தான் மறுவேலை. கிரிவலம் வருகிறவர்களுக்கு அதில் இன்னும் ஜாஸ்தி புண்ணியம். இது எனக்குத் தெரியாததா? நாய் வாங்கும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மாசியில் ஒரு காலை, நாயைப் பிடித்து இவர் நடந்து பழகும்போது, செங்கம் ரோட்டில் பூ விற்கிற அம்மா "வாங்க சாமி, நான் உட்டுட்றேன்" என்று அவர் முழங்கையைப் பிடித்தார். நாய் பாய்ந்துவிட்டது. பூக்காரம்மா கையில் ரத்தம். இவர் நாயின் வாரை விடாமல் குப்புற விழுந்து கிடக்கிறார். பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே நிற்கிறான். நாயை இழுக்கவா, அவரைத் தூக்கவா, அந்த அம்மா காலில் விழவா என்று தெரியாமல் நடுரோட்டில் நின்றேன்.

பூக்காரம்மாவுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி. தினமும் அந்த அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ராஜபாளையம் கீழ்பென்னாத்தூரில் ஒரு கடலைக் கொல்லைக்குக் காவல் போனது. மறுபடியும் மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போய் நின்றேன். அவர் ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருந்த செம்பட்டைத் தெருநாயைக் காட்டினார். மாடும் மனிதரும் தாண்டித் தாண்டிப் போனாலும் உறுமாத நாய். அதன் பின்னால் ஓர் அலுமினிய வாளியைக் கீழே போட்டார். நாய் துள்ளி எழுந்தது. ஆனால் ஓடவில்லை, திரும்பி வாளியை மோந்து பார்த்தது.

"இது போதும்மா," என்றார்.

தெருநாயா என்று எனக்கு அழுகையே வந்தது. பள்ளி திறக்க இருந்ததோ மூன்று மாதம்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை அந்த ஒரே வழியில் அதைப் பழக்கினோம். ரோட்டோரம் வந்தால் நிற்க வேண்டும், வண்டி வந்தால் நகரக்கூடாது, யார் அவரைத் தொட்டாலும் சும்மா இருக்க வேண்டும். கடைசிப் பாடத்துக்குப் பூக்காரம்மாவே தினமும் வந்தார். தழும்பு மறையாத கையால் இவர் கையைப் பிடித்துப் பிடித்து நாயைப் பழக்கினார்.

ஜூன் வந்தது. முதல் நாள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முப்பதடி பின்னால் போனேன். சத்தம் கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். செங்கம் ரோட்டோரம் நாய் நின்றது. அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு "போ" என்றார். நகரவில்லை. மறுபடியும் "போ". குறுக்கே வந்து அவர் காலை மறித்தது. முரண்டு பிடிக்கிறது, வேலை போச்சு என்று ஓடப் பார்த்தேன். அதற்குள், டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டி வந்த வேன் ஒன்று சத்தமே இல்லாமல் அவர் முன்னால் கடந்து போனது.

வேன் போன பிறகுதான் நாய் நகர்ந்தது. அவர்கள் இருவரும் ரோட்டைத் தாண்டினார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு நாலு வீடு முன்னால் அவர் நின்றார். திரும்பவில்லை.

"தார் ரோடு சுடல? செருப்ப மாட்டிக்கோ."

"எப்டித் தெரிஞ்சுது?"

"நீ பின்னாடி வந்தாதான் இது வாலை என் கால்ல அடிக்கும். இங்கயே நில்லு. நாளைக்கு வராத."

நின்றேன். நிர்வாகியே வந்து கேட்டைத் திறந்துவிட்டதைப் பார்த்தேன். மறுநாள் போகவில்லை. சாயங்காலம் வாசலில் நாயின் வார் உரசும் சத்தம் கேட்கும்வரை ஒரே சொம்பை ஐந்து தடவை தேய்த்தேன்.