ஐந்தாம் கட்டிலின் மஞ்சள் முடிச்சு

நாற்பத்தேழாவது வயதில் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தேன். அதன் ஒரு பகுதியாகக் கொடைக்கானலில் ஒரு மருத்துவமனையின் பெண்கள் புற்றுநோய் வார்டில் ஆறு வாரம் ஒரு நர்ஸின் பின்னாலேயே நடந்து, அவர் செய்வதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எட்டுக் கட்டில்கள். யார் எப்போது வாந்தி எடுத்தார், எத்தனை வாய் கஞ்சி இறங்கியது, எல்லாம் என் நோட்டில் நேரத்தோடு இருக்கும்.

ஐந்தாம் கட்டிலில் இருந்தவர் கொடைக்கானல் மேல்மலையிலுள்ள போளூரில் பூண்டு பயிரிடும் பெண். அறுபதை நெருங்கியவர்.

"என்ன டீச்சரு, நான் இருமுனதையும் எழுதியாச்சா?" என்பார்.

நான் டீச்சர் இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

"கையில நோட்டு இருக்குல்ல? அப்ப டீச்சருதான்."

இரண்டாம் முறை மருந்து ஏற்றிய பிறகு அவர் முடி கொத்தாகக் கொட்டியது. ஒரு செவ்வாய்க்கிழமை அவரை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். விரிப்பை மாற்றும்படி நர்ஸ் சொன்னார். தலையணை உறையை உதறியபோது ஒரு மஞ்சள் துணி முடிச்சு விழுந்தது. அவிழ்த்தேன். உள்ளே முடி. கட்டிலில் கிடக்கும் முடி, பஞ்சு எல்லாம் எரிக்க அனுப்பும் பையில் போக வேண்டும் என்பது வார்டு விதி. போட்டேன். '10.20, உறை மாற்றப்பட்டது' என்று எழுதினேன். பதினொரு மணிக்கு வண்டி வந்து பையை எடுத்துப் போனது.

திரும்பி வந்தவர் தலையணைக்குள் கைவிட்டுத் துழாவினார்.

"டீச்சரு, இங்கன ஒரு முடிச்சு கெடந்துச்சே? பொழச்சா பழனியில மொட்டை போடுறேன்னு வேண்டிருக்கேன். அதுக்குள்ள இப்படிக் கொட்டுது. முருகனுக்குன்னு சொன்ன முடிய ஆஸ்பத்திரி எடுத்துக்கலாமா? அதான் வெள்ளனே எந்திரிச்சு ஒண்ணொண்ணாப் பொறுக்கி வச்சிருந்தேன். அது இல்லாம இனி ஊசி போட்டு என்னத்துக்கு?"

நர்ஸ் என்னை வெளியே அழைத்தார். "மகன் எடுத்துட்டுப் போனாருன்னு சொல்லிருங்கக்கா. இல்லேன்னா அடுத்த ஊசிக்குக் கை நீட்ட மாட்டாங்க."

சொன்னேன்.

"அவனா? அவனுக்கு இம்புட்டு அறிவு இருக்கா!" என்று சிரித்தார். மறுநாள் ஊசிக்குக் கை நீட்டினார்.

அதன்பின் தினமும் உதிர்ந்ததை என்னிடமே கொடுத்தார். "இதையும் அவன்கிட்ட வெரசா சேத்துருங்க." ஒரு காகித உறையில் போட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். அவர் கட்டிலருகே போய், "சாமி படத்துக்கு முன்னாடி வச்சிருக்கேம்மா" என்றார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை 6.40க்கு அந்த அம்மா இறந்தார். உடலை எடுத்துப் போக வந்த மகனிடம் காகித உறையை நீட்டினேன்.

"பொழச்சாக் குடுக்கறதாத்தானே வேண்டுனாங்க. இனி எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார்.

அதை எரிக்கும் பையில் போடவும் எனக்குக் கை வரவில்லை. நோட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் தலையணை உறை மாற்றிய நேரம் மட்டும்தான் எழுதியிருக்கிறது. முடிச்சைப் பற்றி ஒரு வரியும் இல்லை.