துணைக்கு வந்த தங்கை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு எல் போர்டு அக்கா என்று பெயர். முப்பத்தாறு வயது. பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்து, அடுத்தவர் செய்யும் தப்புக்கெல்லாம் இவள் மிதிப்பாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் கார் பழகியவர்கள். கல்யாணம்தான் கைகூடவில்லை. வந்த வரன்களெல்லாம் ஏதேதோ சாக்குச் சொல்லி நழுவின. பிறகு வருவதும் நின்றது. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுதவளில்லை. பிள்ளை ஆசை மட்டும் விடவில்லை. கருமுட்டையை எடுத்து உறையவைத்துப் பாதுகாக்கலாம் என்று, அவளிடம் கார் பழகிய நர்ஸ் ஒருத்தி சொன்னதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் பரிசோதனை. முட்டை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ரத்தத்திலும் ஸ்கேனிலும் பார்ப்பார்கள். ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் தனியாகப் போய் உட்காரக் கூச்சப்பட்டுத் தங்கையைத் துணைக்கு அழைத்தாள். தங்கை கல்யாணமாகி நான்கு வருடமாக, மாதாமாதம் எதிர்பார்த்து ஏமாந்துகொண்டிருந்தவள். வந்ததுதான் வந்தாய், நீயும் பார்த்துவிடேன் என்று அவள் கையையும் ஊசிக்கு நீட்டவைத்தது அக்காவேதான். சும்மா இருந்திருக்கலாம்.

முடிவு தலைகீழாக வந்தது. அக்காவுக்கு அவள் வயதுக்கு எதிர்பார்ப்பதைவிட நிறையவே இருந்தது. முப்பது வயதுத் தங்கைக்கு அநேகமாகத் தீர்ந்துவிட்டது. எவ்வளவு இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும், குழந்தைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. திரும்பும் வழியில் அக்காவுக்குச் சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேச்சை எடுத்தாள்.

"நீ எடுத்து வெச்சு என்னடி பண்ணப் போறே? அவளுக்குக் குடுத்துடு. உன்னைப் பெரியம்மான்னு கூப்பிட ஒரு பிள்ளை இருக்கும்ல."

பீரோவில் சும்மா கிடக்கும் புடவையைக் கேட்பது போலக் கேட்டாள்.

"எனக்கு வேணும்மா," என்றாள் இவள். "எனக்குன்னு வேணும்."

அவ்வளவுதான், கல்நெஞ்சுக்காரி ஆகிவிட்டாள். வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் உடம்பில் இருப்பதற்கு அவளைத் தவிர எல்லாரும் சொந்தக்காரர்கள். இது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. முட்டைகள் வளர்வதற்காகத் தினமும் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டு, உப்பிய வயிற்றின் மேல் சீட் பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, அவள் பாட்டுக்குக் கார் சொல்லிக்கொடுக்கப் போய்வந்தாள்.

முட்டை எடுக்கும் நாளில் மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால், வீட்டுக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் வந்தே தீரவேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இத்தனை பேருக்கு ஓட்டச் சொல்லித் தந்தவளுக்கு, உரிமையோடு கூப்பிட ஓர் ஆள் இல்லை. ரோஷத்தை விட்டுத் தங்கைக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறாள் என்று நர்ஸிடம் புளுகிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அரை மயக்கத்தில் இருந்தபோது, பதினொன்று கிடைத்திருக்கிறது என்று நர்ஸ் காதருகே சொல்லிவிட்டுப் போனாள். மறுபடி கண்ணயர்ந்து விழித்தால், கட்டிலோரம் தங்கை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள், தலையைக் கோதிவிட்டாள், தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவள் என்று நெஞ்சு நிறைந்து போயிற்று.

தங்கை குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எத்தனை கிடைச்சுதுக்கா?"

அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே தேறலைடி," என்றாள்.

தங்கை பிடித்திருந்த கையை விட்டாள். எழுந்து கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"டாக்ஸி பிடிச்சுத் தர்றேன். தனியாப் போயிடுவே இல்ல?"