அண்ணன் இல்லாத ஊர்

வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பூனை என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். பக்கத்தில் வந்து நின்று ஸ்பேனரை நீட்டும்வரை அவன் வந்தது யாருக்கும் தெரியாது. "இவன் கழுத்துல யாராவது ஒரு மணியக் கட்டுங்கப்பா" என்பார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். உயரமான கட்டடங்களில், லிஃப்ட்டின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, கீழே பாதாளம் போல் இருட்டு வாயைத் திறந்திருக்க, கையில் கிரீஸோடு சாவகாசமாக வேலை பார்ப்பான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கால் நடுங்கும். "ஒரு கயிறு அறுந்தாலும் மத்ததுங்க தாங்கும். அதுக்குத்தான இத்தனை கயிறு" என்று தேற்றுவான்.

அப்படிப்பட்டவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். அது அவனுடைய அண்ணன்.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்? அப்பா போனபின் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அண்ணன். தம்பியைத் தொழிற்பள்ளியில் சேர்த்தவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அடிக்கும்போதுகூட உயர்த்தமாட்டார். அடி வாங்குகிறவனும் சத்தம் போடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சத்தம் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். தம்பிக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடக் கற்றுக்கொண்டான். நடையும் அப்படியே படிந்துவிட்டது. அண்ணன் வெளிநாடு போனபின் அவனுக்குத் தூக்கம் வந்தது, சாப்பாடு ருசித்தது, கல்யாணமும் ஆனது. அண்ணனிடம் போனில் பேசும்போது மட்டும் எழுந்து நின்றுகொள்வான். மனைவி அதை மரியாதை என்று நினைத்தாள்.

அண்ணன் இருக்கும் நாட்டில் லிஃப்ட் வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னதும் அண்ணன்தான். சொன்னபின் விண்ணப்பிக்காமல் இருக்க முடியுமா? போட்டான். நேர்முகமும் முடிந்தது. கிடைக்காது என்று நம்பியிருந்த வேலை கிடைத்துத் தொலைத்தது. ஆனால் கம்பெனிக்காரர்கள் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்கள். அவர்களுக்கு இரண்டு ஊர்களில் கிளை இருக்கிறது. ஒன்று அண்ணன் இருக்கும் துறைமுக ஊர். இன்னொன்று உள்ளே தள்ளி, மேட்டுமேல் இருக்கும் ஊர். இரண்டும் பட்டணமும் இல்லை, பட்டிக்காடும் இல்லை, ஒரே மாதிரி நடுத்தரம். இரண்டிலும் ஆள் தேவை. வந்து செய்முறைத் தேர்வை முடித்து, இரண்டையும் பார்த்துவிட்டு எது வேண்டுமோ சொல்லலாம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி. அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், எதையும் சட்டென்று எடுத்து வைத்துவிடும் கை. "அண்ணன் இருக்கிற ஊரு. பாஷை தெரியாத இடத்துல ஒரு ஆபத்து அவசரம்னா ஓடி வர ஆள் வேணாமா?"

"மேட்டு ஊர்ல காத்து நல்லாயிருக்குமாம்."

"காத்தத் தின்னுட்டா இருக்கப் போறோம்?"

உறவுக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். அவன் தலையாட்டிப் பொம்மை மாதிரி தலையை ஆட்டிவிட்டு விமானம் ஏறினான்.

துறைமுக ஊர் அழகாகத்தான் இருந்தது. அகலமான தெருக்கள், எங்கே திரும்பினாலும் கடலின் ஈர வாடை, கிரேன்களின் தலைகள். செய்முறைத் தேர்வு ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் நடந்தது. கதவு சரியாகப் பூட்டாமல் தகராறு செய்த ஒரு லிஃப்ட்டைச் சரி செய்யச் சொன்னார்கள். செய்தான். கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. மனசு மட்டும் சாயங்காலத்தை நினைத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் வீடு மூன்றாவது மாடி. அண்ணிதான் கதவைத் திறந்தாள். கல்யாணத்தில் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்த அண்ணியை அவனுக்கு நினைவிருந்தது. இப்போது உதடு மட்டும் சிரித்தது. "வாங்க தம்பி, உக்காருங்க. அவர் வர்ற நேரம்தான்" என்று டீ கொண்டுவந்து வைத்தாள். வீடு துடைத்துவிட்டது போல் இருந்தது. செருப்புகள்கூட அளந்து வைத்த மாதிரி வரிசையாக நின்றன.

டீயை எடுக்கக் கை நீட்டியவன் திடுக்கிட்டான். பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் மகள், பன்னிரண்டு வயதிருக்கும். எந்த அறையிலிருந்து வந்தாள், எப்போது வந்தாள், ஒன்றும் தெரியவில்லை. காலடி கேட்கவே இல்லை.

"சித்தப்பா, பிஸ்கட்" என்று தட்டை நீட்டினாள். தட்டு மேசையைத் தொட்டபோதும் சத்தம் வரவில்லை. ஓரத்தை முதலில் வைத்து, விரலை மெல்ல உருவி, பிறகு மறு ஓரத்தை இறக்கினாள். அந்த வித்தையை அவன் அறிவான். அப்படி வைக்க யாரும் சும்மா கற்றுக்கொள்வதில்லை.

கதவில் சாவி திரும்பியது. அண்ணி ஓடிப்போய் டிவியை அணைத்தாள். பெண்ணின் முதுகு நிமிர்ந்தது. அவன் தன் கையைப் பார்த்தான். மேசை ஓரத்தில் இருந்த டம்ளரை அது ஏற்கெனவே நடுவுக்கு நகர்த்தி வைத்திருந்தது. அவன் எழுந்தும் நின்றிருந்தான்.

"வந்துட்டியா" என்றார் அண்ணன். கொஞ்சம் நரைத்திருந்தது. குரல் அதே பஞ்சுக் குரல். தோளில் கை வைத்தார். அந்தக் கை எங்கே அழுத்தும் என்று தோள் காத்திருந்தது. அது அழுத்தவில்லை, தட்டிக்கொடுத்தது.

சாப்பிடும்போது அண்ணன்தான் பேசினார். "கீழ் மாடியில ஒரு வீடு காலியாகுது. ஓனர்கிட்டப் பேசிட்டேன். உன் சம்பளத்த என் அக்கவுண்ட்டுக்கே வரச் சொல்லிடலாம், உனக்கு இங்கத்து நடைமுறை எதுவும் தெரியாது. மேட்டு ஊர் வேணாம்னு கம்பெனியில சொல்லிடு."

மறுப்பதற்கு அவன் வாயைத் திறந்தான். வாய் சொன்னது: "சரிங்கண்ணே."

மேசைக்கு எதிரே அண்ணன் மகள் அவனைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மேட்டு ஊருக்கு ரயில். கம்பெனி ஏற்பாடு, போகாமல் இருக்க முடியாது என்று அண்ணனிடம் அனுமதி வாங்கியிருந்தான். அண்ணன் வேலைக்குப் போனபின் அண்ணி, கடைக்குப் போகவேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினாள். அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். ஸ்டேஷன் வாசலில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"தம்பி, நீங்க இந்த ஊருக்கு வராதீங்க."

அவன் விழித்தான்.

"உங்களுக்குத் தெரியும்ல, அவரு எப்படின்னு. நேத்து டம்ளர நகர்த்தி வச்சீங்களே, நான் பாத்தேன்."

அவனுக்கு முகம் சுட்டது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு டம்ளர் காட்டிக்கொடுத்துவிட்டது. "என்னை அடிச்சது சரி அண்ணி... பாப்பாவயுமா?" என்றான்.

அண்ணி நேராகப் பதில் சொல்லவில்லை. "கேளுங்க. எனக்கு இங்க ஒரு நாதி கிடையாது. என்னைக்காவது ஒரு நாள் அவளைக் கூட்டிட்டுக் கிளம்பணும். கிளம்பி எங்க போறது? நீங்க கீழ் மாடியில இருந்தா, உங்க வீட்டுக்கு வருவேன். பத்துப் படி இறங்கி வந்து, வெளிய வான்னு சொல்லுவாரு. நீங்களும் சரிங்கண்ணேன்னு கதவத் திறந்து விட்டுடுவீங்க."

செருப்பால் அடித்தது போல் இருந்தது. ஆனால் அது பொய் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

"அந்த ஊருன்னா மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரத்துல உங்களுக்கும் கொஞ்சம் தைரியம் வரும்" என்று சொல்லிவிட்டு, வெறும் பையோடு கடைக்குப் போகிறவள் மாதிரி வேகமாக நடந்துவிட்டாள்.

ரயிலில் அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிப் போய், அண்ணி சொன்னதையெல்லாம் அண்ணனிடமே ஒப்பித்துவிட வேண்டும் போல ஓர் எண்ணம் வந்தது. அது தன் எண்ணம்தானா என்று அவனுக்கே குலை நடுங்கியது.

மேட்டு ஊர் ஒன்றும் விசேஷமில்லை. எல்லாத் தெருவும் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பெனிக் கிளை ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்த ஃபோர்மேன் தலையைச் சொறிந்துகொண்டு, "இங்க பொழுதே போகாதுப்பா, எல்லாரும் துறைமுகத்துக்குத்தான் போறாங்க" என்று ஒளிக்காமல் சொன்னார். மத்தியானம் வாடகை வீடு ஒன்றைப் பார்க்கப் போனான். சலவைக் கடைக்கு மேலே, துணி சோப்பு வாசனையோடு இரண்டு படுக்கையறை. சுவரில் ஈரம் பூத்திருந்தது. "உங்க ரெண்டு பேருக்கு ஒரு ரூம் போதுமே, பின்பக்கம் சின்ன வீடு இருக்கு, காட்டட்டுமா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டாள்.

"இது இருக்கட்டும்" என்றான். பிறகு கதவருகே போய்த் தாழ்ப்பாளைப் பார்த்தான், கீல்களைப் பார்த்தான், கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தான். வீட்டுக்காரம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஊர் திரும்பியதும் மனைவியிடம் சொல்ல உட்கார்ந்தான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கதவு, தாழ்ப்பாள், சலவைக்கடை என்று உளறினான். அவள் முதலில் நம்பவில்லை. "உங்க அண்ணனா? வேற யாரையோ சொல்றீங்களா?" என்றாள். அவன் முதுகைத் திருப்பி, தோளுக்குக் கீழே இருந்த பழைய தழும்பைக் காட்டினான். சைக்கிளில் விழுந்தது என்று அவளிடம் சொல்லியிருந்த தழும்பு.

அவள் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். "அதான் நான் ஒரு பாத்திரத்தக் கீழ போட்டாக்கூட உங்களுக்கு மூஞ்சி வெளுத்துப் போகுதா" என்றாள் பிறகு. "நான் சத்தம் பிடிக்காத ஆளுன்னு நினைச்சேன்."

"ஆம்பள, இந்த வயசுல போய் இதச் சொல்றதுக்கு..."

"வயசுக்கு என்ன. பயத்துக்கு வயசு தெரியுமா?" அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மேட்டு ஊருன்னே எழுதிப் போடுங்க. அந்தக் காத்தத்தான் தின்போம்."

அண்ணனுக்குச் சொல்லவேண்டியது பாக்கி. மனைவி பக்கத்தில் இருந்தாள். போனில் விஷயத்தைச் சொல்லி முடித்தான். கம்பெனி அங்கேதான் போடுகிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டான். மறுமுனையில் சத்தமே இல்லை.

"சரி" என்றார் அண்ணன் கடைசியில். "நேர்ல பேசிக்கலாம்."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டான்.

அவர்கள் மேட்டு ஊருக்குக் குடிபோனார்கள். வேலை பழகியது. மனைவிக்கு ஒரு மருத்துவமனைக் கிடங்கில் இடம் கிடைத்தது. பின்னறையில் இரண்டு கட்டில் போட்டு, போர்வை மடித்து வைத்து, கதவைச் சாத்தினார்கள். யாரும் வரவில்லை. வராமல் இருக்க இருக்க அவனுக்கு இரண்டு விதமான பயம் வந்தது. வந்துவிடுவார்களோ என்று ஒன்று. வரமுடியாமலே போய்விட்டதோ என்று ஒன்று. வேலையிலும் பிசகினான். ஒரு நாள் லிஃப்ட்டை நிறுத்தாமலே அதன் அடிக்குழியில் இறங்கப் போனவனை ஃபோர்மேன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எந்த உலகத்துலய்யா இருக்க?" என்று கத்தினார்.

குளிர் விட்ட சமயம், ஒரு வேலைநாள் மத்தியானம், அண்ணியும் மகளும் ஒரே ஒரு பையோடு வந்து நின்றார்கள். பெண்ணின் இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. மனைவி ஒன்றும் கேட்காமல் அதை அவிழ்த்துப் பார்த்து, மருந்து போட்டு, அப்படியே டாக்டரிடம் கூட்டிப்போனாள். பெண்களுக்கு உதவும் அலுவலகம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. அங்கேயும் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள்.

சனிக்கிழமை காலை அண்ணன் வந்தார். மனைவி ஜன்னல் வழியாக முதலில் பார்த்தாள். "போலீசுக்குப் பேசறேன். நீங்க கதவத் திறக்காதீங்க" என்றாள். அண்ணி மகளை இழுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனாள். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றால் தன் கையே தாழ்ப்பாளை நீக்கிவிடும் என்று தோன்றியது. அதனால் வெளியே போய், கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டான். உள்ளே மனைவி தாழ் போடும் சத்தம் கேட்டது. இனி அவனாலும் திறக்க முடியாது.

அண்ணன் படியேறி வந்தார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அவங்கள வரச் சொல்லு."

பஞ்சுக் குரல். அவன் வாயில் "ச" என்ற எழுத்து வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினான்.

"உன்னத்தான் சொல்றேன். நகரு."

"முடியாதுண்ணே."

அதைச் சொன்ன குரல் தன்னுடையது போல் இல்லை. கீச்சென்று, ஏழு வயசுப் பையனுடையது போல் இருந்தது. அண்ணன் கையை உயர்த்தினார். அவன் கண்ணை மூடிக்கொண்டான், ஆனால் நகரவில்லை. கன்னத்தில் விழுந்தது. சட்டம் மறந்துபோய் "அம்மா" என்று கத்திவிட்டான். அது படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. கீழே சலவைக் கடையில் இயந்திரம் நின்றது. வீட்டுக்காரம்மா ஈரக் கையோடு படியடியில் வந்து நின்று மேலே பார்த்தாள். அவள் பின்னால் துணி வாங்க வந்த இரண்டு பேர்.

அண்ணன் அவர்களைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். சட்டைக் கையைச் சரி செய்துகொண்டு, "அப்புறம் பேசிக்கலாம்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் போனபின் அவன் அப்படியே படியில் உட்கார்ந்தான். வீட்டுக்காரம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி அவன் சட்டைமேல்தான் போனது.

போலீசார் வந்து எழுதிக்கொண்டார்கள். வழக்கு நடந்தது. அண்ணன் கிட்டே வரக்கூடாது என்று உத்தரவானது. அண்ணி இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரம்மாவின் கடையிலேயே இஸ்திரி போடும் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் போன் செய்து, "வளர்த்த கடா மார்பில் பாய்ஞ்ச மாதிரி பண்ணிட்டியே" என்றார்கள்.

அவன் பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. தெருவில் முன்னால் நடக்கும் ஒருவரின் பின்கழுத்து அண்ணனுடையது போல் இருந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறான். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், முன்போல் எழுந்து நிற்காமல், முதலில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொள்கிறான். அதன்பிறகுதான் எடுக்கிறான்.