நீல விளக்கு இல்லாத ரேக்

ஓர் இசைக்குழுவின் ஆம்பிளிஃபையர் ரேக்குக்கு பவர் கண்டிஷனர் வேண்டுமா என்று இன்றைக்கு யாராவது கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சத்தமாகச் சொல்வேன். கேட்பவர் பட்டணத்து சவுண்ட்காரராக இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாக. இவ்வளவு உறுதியான மனுஷன் ஏன் அம்மன் கோயில் முற்றத்தில் அத்தனை பேர் பார்க்கக் குதித்தான் என்று என் மனைவி கேட்பாள். அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

எங்கள் தோட்டம் கஹவத்தைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்திலிருந்து இன்னும் ஏற வேண்டும். கீழே ரப்பர், மேலே தேயிலை. பகலில் நான் கொழுந்து லொறி ஓட்டினேன். திருவிழா, கல்யாணம் என்று வந்தால் கீபோர்ட் வாசித்தேன். மனைவி பாடுவாள். டிரம், தபேலா, கிட்டார் என்று மற்றவர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஆம்பிளிஃபையர். அதையும் எக்கோ மெஷினையும் அடுக்குகிற ரேக்கை நானே பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்திருந்தேன். ஒரு பக்கம் தோட்டத்தின் பெயர், மறுபக்கம் ஈரம் படாமல் வைக்கவும் என்று இங்கிலீஷில் முத்திரை. பார்க்கிறவர்கள் உள்ளே தேயிலைத் தூள் இருப்பதாகவே நினைப்பார்கள்.

யுத்தம் நின்று சமாதானப் பேச்சு நடந்த வருடங்கள் அவை. வழியில் மறித்துச் சோதிக்கிற தொல்லை குறைந்ததால் பட்டணத்துக் குழுக்களும் வேன் பிடித்து மேலே ஏறி வரத் தொடங்கியிருந்தன. அது ஒரு பக்கம் இருக்க, எங்களுக்கு எங்கள் கோயிலிலேயே ஒரு அவமானம் நடந்தது.

கோயிலுக்குக் கரண்ட் ஃபெக்டரியிலிருந்துதான் வரும். திருவிழா நாளில் தோட்டத்தில் வேலை இல்லை. ஆனால் சுற்றுக் கிராமத்துச் சிங்கள ஆட்கள் தங்கள் சின்னத் தோட்டங்களில் பறிக்கிற கொழுந்துக்கு எந்த அம்மனும் லீவு கொடுப்பதில்லை. சாயங்காலம் அது வந்து இறங்கியதும் கொழுந்து வாட்டுகிற பெரிய ஃபேன்களைப் போடுவார்கள். போட்டார்கள். கோயில் பல்பெல்லாம் கோழி முட்டை மஞ்சளாக மங்கியது. என் கீபோர்ட் செத்துப் பிழைத்தது. பிழைத்தபோது நான் வைத்திருந்த சுருதி அதற்கு ஞாபகமில்லை. மனைவி அம்மன் பாட்டை ஒரு சுருதியில் பாட, நான் வேறொரு சுருதியில் வாசிக்க, இரண்டுக்கும் நடுவில் ஸ்பீக்கர் 'உம்ம்ம்' என்று தனக்குத் தெரிந்த மூன்றாவது சுருதியைப் பிடித்தது. கொழுந்து கொண்டுவந்த கிராமத்து ஆட்கள் கூட்டத்தில் நின்று, "ஆயெத் பட்டன் கண்ட!" என்று கூவினார்கள். மறுபடி தொடங்கு என்று அர்த்தம். மறுபடி தொடங்கினோம். மறுபடி செத்தது.

அடுத்த திருவிழா நெருங்கியது. கோயில் கமிட்டித் தலைவர்தான் தோட்டத்துத் தலைவரும். எம்பிலிப்பிட்டியவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தவர் நேரே என் லொறியை மறித்தார்.

"அங்க ஒரு பட்டணத்து செட்டு வந்திருந்துச்சுப்பா. ரேக்குல மேல நீலமா ஒரு லைட்டு. என்னான்னு கேட்டேன். பவர் கண்டிஷனராம். அது இருந்தா ஒரு இரைச்சல் இருக்காதாம். நீங்களும் அத வாங்குங்க. இல்லேன்னா இந்த வருஷம் அவங்களதான் கூப்பிடப் போறோம்."

"தலைவரே, நம்ம கோயிலு, நம்ம சாமி..."

"நம்ம சாமிக்குத்தாம்பா போன வருஷம் காது வலிச்சிருச்சு."

எங்கள் கோயிலில் நாங்கள் வாசிக்காவிட்டால் வேறு எந்தத் தோட்டமும் எங்களைக் கூப்பிடாது. சொந்த வீட்டில் சோறு கிடைக்காதவனுக்குப் பக்கத்து வீட்டில் யார் இலை போடுவார்கள்? தலைவரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "பாத்துக்கலாம்" என்றேன். லொறியைக் கிளப்பினேன். மூன்றாவது கியருக்குப் பதிலாக ரிவர்ஸ் விழுந்தது.

மறுநாள் கஹவத்தைக் கடைத்தெருவில் ரேடியோ, ஸ்பீக்கர் விற்கிற முஸ்லிம் கடைக்காரர் நானாவிடம் போனேன். நல்ல மனுஷர். எங்கள் ஆம்பிளிஃபையரும் அவர் கடைச் சாமான்தான். ஒரு பெட்டியைத் துணி விலக்கிக் காட்டினார். மாப்பிள்ளை முகத்தைப் பெண் வீட்டாருக்குக் காட்டுவது போல.

"இதான் மனே சாமான். கரண்ட சுத்தம் செஞ்சி குடுக்கும்."

"நானா, எங்க கோயில்ல வோல்டேஜ் விழுது. இது தூக்கி விடுமா?"

நானா பொய் சொல்லத் தெரியாதவர். "தூக்காது. அதுக்கு வேற சாமான் ஈக்குது. இது சுத்தம்தான் செய்யும்."

"அப்ப விழுற வோல்டேஜ் சுத்தமா விழும்?"

"ஹரி, அப்பிடித்தான்னு வைங்களேன்," என்று சிங்களத்தில் 'சரி' சொல்லிச் சிரித்தார். "ஆனா லைட்டு வடிவா ஈக்குது."

அந்தக் கடையிலேயே எனக்கு வீறாப்பு பிறந்தது. ஒரு விளக்குக்காகவா என் கோயிலை விடப்போகிறேன்? சாமானைக் குறை சொல்லவில்லை. ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவன் வாங்கட்டும். எங்கள் வியாதி வேறு. இடி இடித்தால் கெட்டுப்போகாதா என்று சிலர் பயமுறுத்துவார்கள். இரத்தினபுரி மாவட்டத்தில் இடிக்குப் பஞ்சமா? இடித்தால் பிளக்கைப் பிடுங்கு. அதைவிட நல்ல கண்டிஷனரை இன்னும் யாரும் செய்யவில்லை.

நேரே தலைவரிடம் போய், வாங்க மாட்டேன் என்றேன். "ஞாயித்துக்கெழமை கோயில்ல செட்டு பூட்டுறேன். ஃபேன் போடுற நேரத்துல வந்து பாருங்க. கீபோர்ட் செத்தாலோ, இரைச்சல் வந்தாலோ பட்டணத்துக்காரன கூப்பிடுங்க. நானே மாலை போடுறேன்."

"மாலைய இப்பவே சொல்லி வைக்கிறேன்," என்றார்.

வீட்டில் சொன்னேன். மனைவி, "சவால் விடும்போது கை நடுங்குச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப இனிமேதான் நடுங்கும்."

ஃபெக்டரியிலிருந்து கோயில்வரை வயரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பலாமரத்துக்குப் பக்கத்தில் கோளாறு கிடைத்தது. யாரோ எப்போதோ இரண்டு வயரை வெறுமனே முறுக்கி, டிஸ்பென்சரி பிளாஸ்திரி சுற்றிவிட்டிருந்தார்கள். காயத்துக்குப் போடுகிற அதே பிளாஸ்திரி. உள்ளே கருகிப் போயிருந்தது. ஃபேன் இழுப்பது பாதி, இந்த முறுக்கு விழுங்குவது பாதி. ஃபெக்டரியை நடத்துகிற டீமேக்கரிடம் சொல்லி, மெயினை நிறுத்தி, திருகாணி போட்ட கனெக்டரில் வயரை இறுக்கினோம். கலர் பல்பு மாலைகளுக்கு ஒரு வயர், ரேக்குக்குத் தனி வயர் என்று பிரித்தேன்.

மிச்சம் இருந்தது இரைச்சல். கோயில் பிளக்கில் எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த்துக்கு மண்ணில் ஆழமாக இறங்கிய இரும்பு வேண்டும், மண் ஈரமாகவும் இருக்கவேண்டும். முற்றத்தில் சுற்றிப் பார்த்தேன். ஆள் உயரச் சூலம் நின்றது. தினமும் காலையிலும் மாலையிலும் பூசாரி குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற சூலம். மாவட்டத்திலேயே அதைவிட நல்ல எர்த் கிடைக்காது! ஞாயிறு பின்னேரம் ஆம்பிளிஃபையரிலிருந்து ஒரு பச்சை வயரை இழுத்து, சூலத்தின் அடியில் இறுக்கிக் கட்டினேன். போட்டுப் பார்த்தேன். 'உம்ம்ம்' போய்விட்டது. ஸ்பீக்கர் செத்ததோ என்று காதை வைத்துப் பார்க்கிற அளவுக்கு அமைதி.

பூசாரி ஐயா ஓடி வந்தார். "டேய், அம்மா சூலத்துல கரண்டா விடுற?"

"கரண்ட் விடல ஐயா. அதுல கரண்டே வராது. வேணும்னா கட்டிப் புடிங்க. ஒண்ணும் ஆகாது," என்று விளக்கினேன். மிக நன்றாக விளக்கினேன். பூசாரியே தலையாட்டினார்.

தலைவர் வந்தார். லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சவால் என்று காதில் விழுந்தால் எங்கள் ஆட்கள் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். குழு தயார். மனைவி பாட ஆரம்பித்தாள். கீழே கொழுந்து லொறி உறுமுவது கேட்டது. அதன் உறுமலை என்னைவிட யாருக்குத் தெரியும்? இன்றைக்கு வேறொருவர் ஓட்டுகிறார். இதோ இறக்குகிறார்கள். இதோ ஃபேன் போடப் போகிறார்கள். கறுப்புக் கட்டை எது, வெள்ளைக் கட்டை எது என்று சந்தேகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மாலைப் பூசைக்காகப் பூசாரி செப்புக் குடத்தோடு சூலத்தை நோக்கி நடந்தார். வெறுங்கால். ஈர வேட்டி. குடம் சாய்ந்தது.

நான் விளக்கிய விஞ்ஞானம் முழுவதும் என்னைவிட்டு ஓடியது. மனுஷன் கருகப்போகிறார் என்று மட்டும் தெரிந்தது. "அய்யோ! ஊத்தாதே! ஊத்தாதே!" என்று அலறிக்கொண்டு கீபோர்ட்டைத் தாண்டிக் குதித்தேன். கால் வயரில் சிக்கியது. ஒரு சுற்று சுற்றி, இரண்டு கையையும் விரித்தபடி, சூலத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தேன். தண்ணீர் முழுவதும் என் தலையில்.

ஒன்றும் ஆகவில்லை. பூசாரிக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் உதறியது.

யாரோ ஒரு பொம்பிளை குலவை போட்டாள். "சாமி வந்திருச்சு! லொறிக்காரருக்குச் சாமி வந்திருச்சு!"

எழுந்து இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் நிறையத் திருநீறு விழுந்தது. கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். தபேலாக்காரன், துரோகி, வேகமாக அடிக்கத் தொடங்கினான். பூசாரி என் முன்னால் கும்பிட்டு நின்றார். சற்றுமுன் டேய் என்றவர்.

"தாயே, ஏன் கோவம்? என்னா கொற?"

தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பணிவாகக் கேட்டார். "தாயே, நீயே சொல்லு. கண்டிஷனர் வேணுமா, வேணாமா?"

அம்மன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சாமி வரவில்லை. ஆனால் அப்படி ஒரு கேள்வியை அப்படி ஒரு இடத்தில் கேட்டால் மனுஷன் என்ன செய்வான்?

"வேணாம்!" என்று கத்தினேன்.

கூட்டம் கும்பிட்டது. மனைவி மைக்கைப் பிடித்தபடி குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பக்தி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இதற்குள் ஃபேன் போட்டு எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் ஜெயித்ததை ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அதுதான் எனக்குப் பெரிய துக்கம். தலை துவட்டிக்கொண்டிருந்தபோது தலைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாமி வந்தவன் துண்டு கேக்க மாட்டான்," என்றார்.

"தலைவரே..."

"சும்மா இருப்பா. நீ ஆடிக்கிட்டு இருந்தப்ப பல்பு லேசா மங்குச்சு. நான் உன் கீபோர்ட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல லைட்டு அணையவே இல்ல. கட்டைய அமத்திப் பாத்தேன். சுருதியும் மாறல. இரைச்சலும் இல்ல. நீங்களே வாசிங்க."

"அப்ப ஏன் சாமிகிட்ட கேட்டீங்க?"

"பட்டணத்து செட்டு கேட்டு கமிட்டியில பாதிப்பேரு நின்னாங்க. நான் சொன்னா கேப்பாங்களா?"

அன்றே சூலத்திலிருந்து வயரைக் கழற்றிவிட்டேன். என் அலறல் முழு முட்டாள்தனமும் இல்லை. ஆம்பிளிஃபையருக்குள் ஏதாவது அறுந்து தகரத்தில் முட்டினால், அந்த நேரம் சூலத்தைத் தொடுகிறவர் பாடு கஷ்டம். கோயிலுக்குப் பின்னால் அபிஷேகத் தண்ணீர் வந்து விழுகிற வடிகால் கானில், யாரும் கால் வைக்காத மூலையில், ஒரு நீளமான இரும்புக் குழாயை ஆழமாக அடித்து இறக்கி, வயரை அதற்குக் கொண்டுபோனேன்.

திருவிழாவன்று வாசித்தோம். கிராமத்துக் கொழுந்து வந்தது. ஃபேன் ஓடியது. பல்பு லேசாக மங்கியது. கூட்டம் பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது, திரும்பக் குதிப்பானா என்று. நான் குதிக்கவில்லை. மனைவி அடுத்த அடியை எடுத்தாள், நான் அதே சுருதியில் பிடித்தேன்.

நடுவில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது ஒரு புது ஆள் ரேக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். பட்டணத்துக் குழுவின் சவுண்ட்காரர். எங்கள் தோட்டத்தில் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்களாம். தேயிலைப் பெட்டி முத்திரையைத் தடவிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு இரைச்சல் இல்லையே. கண்டிஷனர எங்க வச்சிருக்கீங்க?"

அவரைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கானைக் காட்டினேன். மஞ்சள் தண்ணீர் குழாயைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.