மலை இறங்கும் டயர்

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. மைசூர் விஜயநகரில் எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டிக்காரர் என்னைக் கண்டதும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தராசுத் தட்டைத் துடைத்துக் காட்டிவிடுவார். என் கணவர் இதற்கு நேர்மாறு. கடையில் கொடுக்கிற மீதிச் சில்லறையை எண்ணாமலே சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கேட்டால், "அவனும் மனுசந்தானே புள்ள" என்பார். ஆகவே எங்கள் வீட்டில் சந்தேகப்படுவது முழுக்க முழுக்க என் இலாகா.

அவர் கோபிநத்தத்துக்காரர். அங்கே அவருடைய அண்ணன் மளிகைக்கடை வைத்திருக்கிறார். வாரா வாரம் இவர் எங்கள் பிக்கப் வண்டியில் மைசூரிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு, மாதேஸ்வரன் மலையைத் தாண்டி இறங்கிப் போவார். திரும்பும்போது ராகியோ நிலக்கடலையோ ஏற்றி வருவார். எங்கள் பிழைப்பே அந்த வண்டிதான். போன மழைக்காலத்தில் ஒருநாள், மலை இறங்குகிற வளைவில் முன்பக்கத்து டயர் வெடித்தது. போனில், "டயர் போயிருச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னார். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். இடப்பக்கத்துக் கதவு நசுங்கியிருந்தது. தடுப்புச் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பு அதில் நீளமாக அப்பியிருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, ஊர் போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வண்டி வாசலிலேயே நின்றது. நாலு டயரையும் மாற்றாமல் எடுக்க மாட்டேன் என்றார். நானும் அதையேதான் சொன்னேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் மலை இறங்கிப் போய் முழு ஆளாகத் திரும்பி வர வேண்டும். அதற்காக, டயர் வாங்கப் போகிற புருஷனோடு பெண்டாட்டியும் போகிற வழக்கத்தை எங்கள் சொந்தத்தில் நான்தான் ஆரம்பித்து வைத்தேன்.

போவதற்கு முன்பு நன்றாக விசாரித்துக்கொண்டேன். டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டும் வருஷம். விற்காமல் கிடந்து காய்ந்துபோன டயரைப் புதுசு என்று தலையில் கட்டிவிடுவார்களாம். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற டயரைத் தாராளமாகப் பார்க்கலாம்.

முதல் கடையில் டயர்கள் எண்ணெய் தேய்த்துவிட்ட எருமை போலப் பளபளத்தன. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன், கருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. எண் இருக்கிற பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கடைக்காரர் அதைத் திருப்பிக் காட்டுவதற்குள் நாங்கள் தெருவுக்கு வந்துவிட்டோம்.

இரண்டாவது கடையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தேதி புதுசு, துடைத்தால் கருப்பும் வரவில்லை. ஆனால் என் கணவர் குனிந்து மோந்து பார்த்து, "ரப்பர் வாசமே சரியில்ல" என்றார். பிறகு டயரின் மேல் மேடு மேடாக இருக்கும் பட்டன்களுக்கு நடுவே விரலை விட்டு, ஆழம் போதாது என்றார். நான் பூரித்துப் போனேன். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியதற்கு இப்போதுதான் பலன் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். சில்லறையை எண்ணாத மனுஷர் டயரை மோந்து பார்க்கிறாரே என்று எனக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை.

மூன்றாவது கடைக்காரர் எங்களிடம் கன்னடத்தில் பேசினார். நாங்களும் கன்னடத்திலேயே பேசினோம். மைசூர்த் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்காரரிடம் விலை கேட்பது கன்னடத்தில், கடைக்காரரைப் பற்றிப் பேசுவது தமிழில். அவர் எதிரிலேயே நான், "ஏனுங்க, இந்த ஆளு முழியே சரியில்லீங்க. கேக்கறதுக்கு முன்னாலயே தேதியக் காட்டறாரு. எதையோ மறைக்கறாருங்க" என்றேன்.

"ஆமா புள்ள. நல்ல சரக்க முன்னால வெச்சுட்டு மாட்டறப்ப மாத்திருவான்" என்றார் இவர்.

கடைக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இன்னொரு டயரை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினார். நான் நாலையும் தடவிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன், போன் வெளிச்சத்தில் எண்களைப் படித்தேன். எல்லாம் நல்ல டயர். இவர் விடவில்லை. ஒரு டயர் மட்டும் வேறு வாரத்தில் செய்தது என்று பிடித்துக்கொண்டார்.

"நாலும் ஒரே வாரத்துல பொறக்கோணுமாங்க? புள்ளைங்களா அதுங்க?" என்று கேட்டுவிட்டு, மாட்டச் சொல்லிக் கடைக்காரருக்குக் கை காட்டினேன். கடைப் பையன் சாவியை வாங்கிப் போய், எங்கள் வாசலில் நின்ற வண்டியை ஓட்டி வந்தான். மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, மாற்றிவிடாமல் காவல் காத்தேன்.

மாட்டி முடித்ததும் கடைக்காரர் கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு விலகி நின்றார். வண்டிக்காரர் ஏறி அந்தப் பழங்களை நசுக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். என் கணவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து முன்சக்கரத்தின் கீழே உற்றுப் பார்த்தார்.

"பழம் வாடிக் கெடக்குது. சகுனம் நல்லால்ல. நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்" என்று என்னிடம் தமிழில் சொன்னார்.

"ஏண்ணா, எலுமிச்சம்பழத்துலயும் தேதி பாக்கணுமா?" என்றார் கடைக்காரர். நல்ல தமிழ். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முழியைப் பற்றிச் சொன்னதிலிருந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அசடு வழிய நானும் சிரித்தேன்.

என் கணவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருடைய கையைப் பார்த்தேன். சாவியை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார். மற்றக் கையைப் பேன்ட்டில் திரும்பத் திரும்பத் துடைத்தார். சூடு கண்ட பூனை. ரப்பர் வாசம், பட்டன் ஆழம், வேறு வாரத்துப் பிறப்பு, வாடிய பழம் எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கின. கடைக்கடையாக ஏறி இறங்கி ஊரையே சந்தேகப்பட்ட நான், பக்கத்தில் நின்ற ஆளைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அவருக்குப் பயம். அந்த வளைவை நினைத்துப் பயம். அதை என்னிடம்கூடச் சொல்ல முடியாமல் டயரிடம் குறை தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அத்தனை பேர் நடுவில் அவரிடம் என்ன சொல்ல முடியும்? நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனேன். நசுங்கிய கதவு லேசில் திறக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து, ஏறி உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, எனக்கு இந்த டயரு மேல இன்னும் நம்பிக்க வரலீங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம மலைக்கு நானும் கூட வர்றனுங்க. எறங்கி முடிக்கற வரைக்கும் பக்கத்துல ஒக்காந்து பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

கடைக்காரரின் முகம் சுருங்கிப் போனது. என் கணவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"பஸ்ஸுல போனாலே கண்ண மூடிக்குவியே" என்றார்.

"அதெல்லாம் தெறந்துக்குவனுங்க. ஏறுங்க."

"நீ ஒருத்தி. யாரையுமே நம்ப மாட்டே" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. சாவியைத் திருகினார். நாலு பழமும் நசுங்க வண்டி வெளியே வந்தது.

அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும். அவர் கொடுத்தது நல்ல டயர் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.